அடிவானம் இரண்டு டிகிரி சாய்ந்தது

“வெளிய பாத்தா கடல் நேரா இருக்கு. கருவிய பாத்தா வலது றெக்க ரெண்டு டிகிரி இறங்கியிருக்கு. எத நம்பறது?”

விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கியதும் கேப்டன் மிஷேல் கேட்டது இதைத்தான். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் முதலாளியுடையது. அதன் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் குடியிருக்கும் ரெட்டியார்பாளையத்தில் இதைச் சொன்னால் பக்கத்து வீட்டில் மிக்ஸியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஆட்டிடியூட் இண்டிகேட்டர், விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும். மேகத்துக்குள் போய்விட்டால் அதைத்தான் நம்ப வேண்டும். பழைய கைரோ கருவியை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் திரை மாட்டிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில் வைத்துச் சோதித்தேன். கோடு நேராக நின்றது. கனெக்டரைக் கழற்றித் துடைத்தேன். காற்றழுத்தம் எடுக்கும் பிட்டோ குழாயில் கசிவு பார்த்தேன். கடைசியில் வேறு யூனிட் வரவழைத்து மாட்டி, ஹேங்கரிலேயே பூஜ்யம் செட் செய்தேன். மிஷேல் மேலே போய் வந்தார். அதே இரண்டு டிகிரி.

“வெளிய ஏப்ரன்ல நிக்கும்போதே சாஞ்சி காட்டுதே!”

“வெளிய தரை சரிவு, கேப்டன். மழத்தண்ணி ஓடறதுக்கு அப்படித்தான் போடுவாங்க” என்று விளக்கினேன். அறிவாளி.

இரண்டு யூனிட்டும் ஒரே பொய்யைச் சொல்லாது என்றார் முதலாளி. மீதியிருந்தது மிஷேல்தான்.

“தப்பா நெனச்சிக்காதீங்க முசியே. காதுக்குள்ளதான் பேலன்ஸ் இருக்குதாமே? டாக்டர பாத்துடுங்க. அதுவரைக்கும் ஓட்ட வேணாம்” என்றார் அவரிடம்.

“பிரெஞ்சு பட்டாளத்துல எங்கப்பா ஒரு காத குடுத்துட்டு பென்ஷன் வாங்குனாரு. எனக்கு ரெண்டும் இருக்கு” என்றார் மிஷேல். யாரும் சிரிக்கவில்லை.

காதில் குறையில்லை என்றார் டாக்டர். முதலாளி இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்.

“நீ சொல்லு தம்பி, நான் சாஞ்சா நிக்கறேன்?”

“கருவில ஒண்ணும் இல்ல, கேப்டன்” என்றேன்.

பிறகு ஐப்பசி மழை. ஹேங்கருக்குள் புகுந்த தண்ணீர் விமானத்தின் இடது சக்கரத்தைச் சுற்றிக் குளம் கட்டியது. வலது சக்கரம் உலர்ந்திருந்தது. டூல் பாக்ஸைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன். வெளியே சுவர் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கி வந்து, காக்பிட்டில் சீட் ரெயிலுக்குக் குறுக்கே வைத்தேன். குமிழி வலது பக்கம் ஓடியது. இடது பக்கம் தாழ்வு.

ஹேங்கர் தரையும் சரிவுதான். சாய்ந்து நின்ற விமானத்தைக் காட்டி, ‘இதுதான் நேர்’ என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முதலில் விமானத்தை மட்டம் செய்யச் சொல்கிறது மேனுவல். ஹேங்கரில் நிறுத்தினாலே மட்டம் என்று, முதலில் பொருத்தியவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

இடது சக்கரத்தை ஜாக்கில் ஏற்றி, குமிழியை நடுவில் நிறுத்தி, பூஜ்யம் வைத்தேன். முதலாளியே கருவடிக்குப்பத்தில் மிஷேல் வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தார்.

ஒரு சுற்று பறந்து தரையிறங்கியும் மிஷேல் சீட்டைவிட்டு எழவில்லை.

“சரியா இருக்கா, கேப்டன்?”

“சரியா இருக்கு.” சாவியை என் கையில் வைத்தார். “முன்னல்லாம் கடல பாத்துட்டு கருவிய பாப்பேன். இன்னிக்கு கருவிய பாத்துட்டுதான் கடல பாத்தேன். கடல் சாஞ்சிருக்குமோன்னு சந்தேகம். இந்த சந்தேகத்தோட ஆளுங்கள ஏத்தக் கூடாது தம்பி.”

அதன்பின் அவர் ஓட்டவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு: கருவியைச் சந்தேகிக்கும் முன், ஆளைச் சந்தேகிக்கும் முன், நிற்கும் தரையைப் பாருங்கள். என் பையில் இப்போது ஒரு ரசமட்டம் இருக்கிறது. கருவிக்கு அது போதும்.