மலையடிவாரத்துக் கதவு

சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான் மாற்றல் கேட்டு வாங்கியதே பொன்முடி மலைப்பாதையில் பைக் ஓட்டத்தான். விதுரா தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒல்லியாக இருப்பார், காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ். மேலே போகும் ஒவ்வொரு பைக்கின் எண்ணையும் கடைக்கதவில் எழுதுவார். அது இறங்கி வருவதைப் பார்த்ததும் ஈரத்துணியால் அழித்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். மூன்று எண்களை மட்டும் தொடாமல் சுற்றிலும் அடித்திருந்தார். மூன்றாவது என்னுடையது.

“போன வாரமே மழையில நிக்காம இறங்கிட்டேனே அண்ணே,” என்றேன்.

“நான் காணலையே சாரே.”

“இப்ப முன்னாடிதானே நிக்கிறேன். அழிச்சிடுங்க.”

“இறங்குறதக் கண்டாத்தான் அழிப்பேன். இன்னிக்குப் போயிட்டு வரும்போ நில்லுங்க, கேட்டோ.”

“மத்த ரெண்டு பேரு?”

டீயை ஆற்றிக்கொண்டே மலையைப் பார்த்தார். “அவங்களும் நல்லாத்தான் ஓட்டுவாங்க.”

நான் மலை ஏறவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை. நான் இறங்கி வருவதை அவர் இன்னும் பார்க்கவில்லை.