மிலுன்கா விசைப்பலகையைத் தொடமாட்டாள்

உழிட்ஸே பேருந்து நிலையத்தில் வண்டிகள் புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பவள் மிலுன்கா. ஞாயிறன்று வேலை முடிந்ததும், நான் காபி போடும் கடையின் ஜன்னலோர மேசைக்கு வருவாள். புது விண்டோஸைத் தாங்காத பழைய மடிக்கணினியோடு யாராவது காத்திருப்பார்கள். விண்டோஸுக்குப் பதிலாக அவள் லினக்ஸ் போட்டுத் தருகிறாள் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவள் போடுவதில்லை. தன் கணினியை ஓரமாக வைத்துவிட்டு, காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். தட்டுவதெல்லாம் மடிக்கணினியைக் கொண்டுவந்தவர்தான்.

அன்று வந்தவன் நெதெல்கோ, சாச்சக் வழித்தட ஓட்டுநர். அவன் அண்ணன் புதிமிர் கல்யாணங்களில் டிரம்பெட் வாசித்த பதிவுகள் அவன் கொண்டுவந்த கணினியில் மட்டுமே இருந்தன. புதிமிருக்கு முன்பற்கள் போய்விட்டன. கட்டிய பல்லோடு ஊத வரவில்லை. இனி வாசிக்கப்போவதுமில்லை.

லினக்ஸ் இருந்த பென் டிரைவை மிலுன்கா நீட்ட, நெதெல்கோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதோட பூட்ட யாரு உடைச்சது?"

"யாரும் உடைக்கல. சும்மாவே தர்றாங்க."

"திருட்டு நம்பர் எதுவும் அடிக்க வேணாமா?"

"வேணாம்."

"அப்ப இதுல ஏதோ இருக்கு."

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். வைஃபை வந்தது, சத்தம் வந்தது. நெதெல்கோவுக்கு உற்சாகம். உடனே நிறுவ ஆரம்பித்தான்; வட்டு முழுவதையும் அழிக்கவா என்று திரை கேட்டபோது விரலைக் கொண்டுபோய்விட்டான்.

"நில்லு. அண்ணன் வாசிச்சதெல்லாம் எடுத்து வெச்சியா?"

"வெச்சாச்சு. வேற பென் டிரைவ்ல."

"என் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டு."

எங்கள் ஊரில் ஒருவன் 'செய்தாயிற்று' என்று சொன்ன பிறகு 'காட்டு' என்று கேட்பது, நாலு பேர் முன்னால் அவனைப் பொய்யன் என்பதுதான். பக்கத்து மேசை ஓட்டுநர்கள் திரும்பினார்கள்.

"ஏன், நான் பொய் சொல்றேனா?"

"நீ சொல்லல. பென் டிரைவ் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

"விடாதடா நெதெல்கோ," என்றான் ஒருவன். "நாளைக்கு லைசென்ஸக் காட்டுன்னு கேப்பா."

நெதெல்கோ எழுந்து மேல்கோட்டை எடுத்தான். மிலுன்கா ஒரு வாய் காபி குடித்தாள்.

"கோவிச்சுக்கிட்டே போடு. புதிமிர் ஊதுறது காதுல விழுந்துட்டா நான் வாயத் திறக்கல. விழாம அழிக்க விடமாட்டேன்."

போட்டான். பதிவுகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்றைச் சொடுக்கினான். சத்தமில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. எதிலும் இல்லை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. பதிவுகளுக்கு வழிகாட்டும் ஷார்ட்கட் குறிகளை மட்டும் முகப்புத் திரையிலிருந்து நகலெடுத்திருக்கிறான். பதிவுகள் அழியவிருந்த வட்டிலேயே கிடந்தன.

நெதெல்கோ உட்கார்ந்தான். "பேரெல்லாம் இருந்துச்சு," என்றான். பக்கத்து மேசை நாற்காலிகள் எங்கள் பக்கம் நகர்ந்தன.

மிலுன்கா கோப்பையால் அவன் கணினியைக் காட்டினாள். "பழைய வட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு. அதத் திற. உன் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும்."

அவன் விரல் தப்புத்தப்பாக அலைந்தது. எனக்கே பொறுக்கவில்லை.

"நீயே எடுத்துக் குடுத்துரேன், மிலுன்கா."

"நாளைக்கு அவன் வீட்டுல நானா உக்காந்திருக்கப் போறேன்?"

கடைசியில் கண்டுபிடித்தான், நகலெடுத்தான், பென் டிரைவை அவள் கணினியில் செருகினான். டிரம்பெட் கடை முழுக்க எழுந்தது.

"பல்லெல்லாம் இருந்த காலம்," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"போதுமா?" என்றான் நெதெல்கோ.

"மிச்சத்தையும் போடு."

எல்லாவற்றையும் கேட்டோம். ஏதோ ஒரு கல்யாணத்தில் தட்டு உடைவதுகூடக் கேட்டது. பிறகு மிலுன்கா அவன் கணினியைப் பார்த்துத் தலையசைத்தாள். நெதெல்கோ பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் அழி என்பதை அழுத்தினான்.