நிற்காமலும் போகக்கூடும்

பிள்ளைகளா, பாடப் புத்தகத்தில் 'கூடும்' என்று முடிகிற வரி வந்தால் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நான் ரொம்ப நாள் தாண்டிப் போனவன்தான்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரகடம் கூட்டுரோட்டில் டைப்பிங், பைண்டிங் கடை வைத்திருந்தேன். இன்ஜினீயரிங் பிள்ளைகள் கடைசி வருட புராஜெக்டை என்னிடம் கொடுத்துத்தான் டைப் அடித்து வாங்குவார்கள். பத்தாவது படித்த எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் அவர்கள் எதையும் 'ஆகும்' என்று எழுத மாட்டார்கள், 'ஆகக்கூடும்', 'அப்படித் தோன்றுகிறது' என்றே இழுப்பார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. தப்பித்துக்கொள்ளத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், சேரப்பணஞ்சேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பெண் ஒருத்தி வந்தாள். தன் புராஜெக்டில் ஒரு வரியை எடுக்க வேண்டும் என்றாள். உங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை பார்த்த கம்பெனியில்தான் புராஜெக்ட் செய்திருந்தாள்; அங்கே தகடு அழுத்தும் பிரஸ் மெஷினைப் பற்றிய வரி அது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. சூடு ஏறினால் மெஷின் 'நிற்காமலும் போகக்கூடும்' என்று எழுதியிருந்தாள். உறுதியில்லாததை எதற்கு எழுதுகிறாய், எடுத்தால்தான் கையெழுத்து என்று அங்கே அதிகாரி சொல்லிவிட்டாராம்.

மாமாவுக்கு அன்று ரெண்டாவது ஷிப்ட். நிற்குமா நிற்காதா, ஒன்றைச் சொல் என்று அவளிடம் கேட்டேன்.

"கட்டையை உள்ள விட்டுப் பாத்தேன்ணே. மத்த தடவையெல்லாம் நின்னுச்சு, சூடு ஏறுனப்ப ஒரு தடவை நிக்கல. சூட்டாலதானான்னு தெரியல. நிக்காதுன்னு எழுதுனாலும் பொய்யி, எழுதாம விட்டாலும் பொய்யி."

கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த மாமாவுக்குப் போன் போட்டு அந்த வரியைச் சொன்னேன். சிரித்தான்.

"இன்னா மாமா, எழுதுனவங்களுக்கே டவுட்டு. என் வெரல் எல்லாம் பத்திரமாத்தான் கீது."

அவள் போனை வாங்கினாள். கட்டையை விட்டது, ஒரு தடவை நிற்காதது, காரணம் தெரியாதது, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எந்த மெஷின் என்று கேட்டிருப்பான் போல. "கதவோரமா இருக்கே, அதுண்ணே" என்றாள். அவன் நின்று வேலை பார்க்கிற மெஷின். போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் எடுக்கவில்லை.

திரையில் அந்த வரியைக் குறித்து வைத்திருந்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். கையெழுத்து இல்லாவிட்டால் மார்க் போய்விடும் என்று முணுமுணுத்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது.

"இருக்கட்டும்ணே" என்றாள் கடைசியில். "அப்படியே பைண்டு போட்டுருங்க."

மறுநாள் காலை மாமா கடைக்கு வந்ததும் முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். ஷிப்ட் முழுக்கக் கையை உள்ளே விடாமல் கொக்கிக் கம்பியால் பீஸை இழுத்தானாம். வேலை மெதுவாக நடக்கிறது என்று சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறான். சென்சார் ஒழுங்காக இருந்ததா என்று கேட்டேன்.

"கைய வுட்டாத்தானே தெரியும், மாமா?"

அந்த வரிதான் அவன் விரலைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.

அவன் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினேன். என் பேப்பர் வெட்டும் மெஷினுக்கும் ஒரு தடுப்புத் தகடு உண்டு. வேலைக்கு இடைஞ்சல் என்று என்றைக்கோ கழற்றி அலமாரி மேல் போட்டிருந்தேன். அதை எடுத்துத் தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்துத் திருகினேன்.