வாசலில் நின்ற வீட்டுக்காரர்

சென்ற மாதம் நடந்தவை:

1. திங்கட்கிழமை, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் செய்தி அனுப்பினார். வியாழன் காலை வெந்நீர் பொய்லரைப் பார்க்க உள்ளே வரலாமா, எனக்கு வசதிப்படுமா?
2. புதன்கிழமைக்குள் என் உடைமைகளை மூன்று பெட்டிகளில் அடுக்கிவிட்டேன்.
3. வியாழன் வேலைக்கு லீவு போட்டு, கதவைத் திறந்து வைத்து ஒதுங்கி நின்றேன்.
4. அவர் உள்ளே வரவில்லை. மழையில் படியிலேயே நின்றார்.

"வரலாமா?" என்று மறுபடி கேட்டார். "உங்கள் வீடுதானே" என்றேன். பெட்டிகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "போகிறீர்களா? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?" நானோ எந்தத் திகதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். பொய்லருக்காக மட்டுமே வந்ததாக அவர் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

லீட்ஸ் நகரில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இலங்கையில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தவள். அங்கே தோட்ட ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தால், எதையோ அகற்றச் சொல்லத்தான் வருவார். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு சப்பாத்தோடு அடுப்படிவரை வந்தார். சேலைத் திரைக்குப் பின்னால் நான் உடை மாற்றிக்கொண்டிருந்தேன். "ஐயா, உள்ள பொம்பளப் புள்ள இருக்குங்க" என்றார் அம்மா. "எஸ்டேட் வீடுதானே" என்றபடியே அவர் திரையை விலக்கினார். அந்த வருடமே அம்மா லயத்துக்குப் பின்னால் கல் சுமந்து ஒரு குளியலறையும் மலசலகூடமும் கட்டினார்.

அதை உடைக்க வேண்டும் என்று, சென்ற மாதம் வீட்டுக்காரரின் செய்தி வந்த அதே திங்கட்கிழமைதான் புதிய கண்டாக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. பொதுக் கழிப்பறைக்குப் படிக்கட்டில் வெகுதூரம் இறங்க வேண்டும்.

வீட்டுக்காரர் போனதும் சட்டத்தைத் தேடி வாசித்தேன். சொந்தமோ வாடகையோ, ஒருவர் குடியிருக்கும் இடத்தை மதிக்க வேண்டும் என்கிறது இங்குள்ள மனித உரிமைச் சட்டம். நாட்டின் மற்றச் சட்டங்களையும் இயன்றவரை அதற்கு இசையவே வாசிக்க வேண்டுமாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டு உரிமை பற்றிய உலக உடன்படிக்கைகளில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவை தோட்ட ஆபீஸ்வரை இன்னும் நடந்து வரவில்லை. அன்றே அம்மாவை அழைத்து, உடைக்கச் சொன்னதை எழுத்தில் தரும்படி கண்டாக்கிடம் கேட்கச் சொன்னேன். "அவரு கோவிச்சுக்குவாருடி" என்றார்.

ஒரு வாரம் கழித்து அம்மாவே அழைத்தார்.

"கேட்டேன். 'மக சீமைக்குப் போனதும் சட்டம் பேசுறியா'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுக்கிட்டே, 'ஆமாங்கய்யா, தமிழ்லயே எழுதிக் குடுங்க, அவளுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்றேன்'னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. உள்ள வரல. வெளிய நின்னுதான் குடிச்சாரு."

இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

இன்றைய நிலை இது. கடிதம் வரவில்லை. குளியலறை நிற்கிறது. லயத்து அறை சொந்தம் என்று காட்ட அம்மாவிடம் உறுதிப் பத்திரம் இல்லை. இந்த வீட்டுக்கு என்னிடமும் இல்லை. நேற்று அம்மா குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். கைபேசியோடு உள்ளே போய், "கேக்குதா?" என்று இழுத்துப் பூட்டிக் காட்டினார். லீட்ஸில் கேட்டது.