இன்குபேட்டருக்கு ஒரு நாள் ரெஸ்ட்

விஜயதசமிக்கு மறுநாள் என் அக்கா மகள் வளர்மதி, கருவடிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் செத்துப்போச்சு சித்தி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தது அவள் லேபில் மாதக்கணக்காக வளர்த்த ஸ்டெம் செல்கள்!

நம் உடம்புச் சூட்டிலேயே இன்குபேட்டருக்குள் வைத்திருக்க வேண்டிய குழந்தைகள் அவை. லீவு என்பதால் இரண்டு நாளைக்குச் சேர்த்து ஆகாரம் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை... நல்லது, என் ஸ்கூட்டிக்கும்தான் வைத்தேன். ஆனால், 'பாவம், மெஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணும்' என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு லேபையும் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார் ஒருவர். விவரம் தெரியாதவரா? பயாலஜியில் டாக்டர் பட்டம் வாங்கிய துறைத் தலைவர்!

வளர்மதியின் ஆராய்ச்சி என்ன தெரியுமா? ஸ்டெம் செல் இதயமாகவும் மாறும், நரம்பாகவும் மாறும். அதற்கான மரபணுக்கள் நேரம் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கும்போது, அந்த ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் சில புரதங்கள் அங்கேயே நின்று, எதை ஓடவிடுவது, எதை நிறுத்துவது என்பதில் கை கொடுக்கின்றனவாம்.

கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் அத்தனை கட்டுப்பாடு. அதைப் படிக்கிற டிபார்ட்மென்டில்? யார் வேண்டுமானாலும் எந்த ஸ்விட்சிலும் கை வைக்கலாம்!

மார்ச்சுக்குள் ரிசல்ட் காட்டாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி இடமே போய்விடும். அழுதுகொண்டே சொன்னவளிடம், "செல்லுதானேம்மா, திரும்ப வளத்துக்கலாம்" என்றாராம் அந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிறு பீச் ரோட்டில் வாக்கிங் வந்தவரைப் பிடித்துவிட்டேன். வளர்மதியின் சித்தி என்று சொல்லிக்கொண்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் — அன்றைக்கு உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் ரெஸ்ட் கொடுத்தீர்களா சார்?

பதறிப்போனார்.

"அதெப்படிம்மா... உள்ள இட்லி மாவு இருக்குதுல்ல!"