தூங்கும்போது பார்க்க வேண்டும்

"மனிதர் வசிக்கத் தகாத இடத்தில் உறங்குவதை அலுவலர் நேரில் கண்ட, சமூகத் தொடர்புகள் அற்ற நபர்." வாடகை உதவி பெறத் தகுதியுள்ளவர் யார் என்பதை மாவட்ட அலுவலகம் இப்படித்தான் வரையறுத்திருந்தது.

வெர்லீன் ஹட்ச்கிராஃப்டுக்குத் தொடர்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஒஹாயோ நகரத்துப் பாதிக் குழந்தைகளின் பெயர் அவளுக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் பிறந்தநாள் கேக்குகளின் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறவள் அவள்தான். காசு போட்டுத் துவைக்கும் கடையில், மெஷினிலிருந்து சூடாக எடுத்து மடித்த அவளுடைய ஏப்ரனில் ஒரு சுருக்கம் இருக்காது. வாடகை ஒரேயடியாக ஏறி, வீட்டைக் காலி செய்ததிலிருந்து அவள் காரில்தான் தூங்குகிறாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். யாரும் நம்பிவிடக் கூடாதே என்றுதான் அவள் அத்தனை பாடுபட்டாள்.

காரில் தூங்கினால் நகர நிர்வாகம் அபராதம் போட்டு, காரையும் இழுத்துக்கொண்டு போகும். காரில் தூங்குவதைக் காட்டினால் மாவட்ட அலுவலகம் வாடகை கொடுக்கும். இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே லிஃப்டில் போய்ச் சேரும் இடங்கள். அதனால் வெர்லீன் கார்க் கண்ணாடிகளின் உள்பக்கம் கறுப்புத் துண்டு கட்டி, தெரு மாற்றித் தெரு ஒளிந்தாள்.

வீடில்லாதவர்களைத் தேடி விடிகாலையில் சுற்றும் மாவட்ட அலுவலர் ஓடெல். ஏற்கெனவே பேசி வைத்தபடி, தேவாலயத்தின் பின்பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினான். அவன் இரண்டாவது தட்டு தட்டுவதற்குள் சீட் நிமிர்ந்தது, உதட்டில் சாயம் ஏறியது, கண்ணாடி இறங்கியது.

"குட்மார்னிங்! வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரமா கிளம்பிட்டேன்."

"அக்கா, நான் போலீஸ் இல்ல, ஓடெல். உங்களத் தூங்கும்போது பாக்கத்தான வந்தேன்?"

"ஐயோ... இப்பத்தான் தம்பி முழிச்சேன்!"

"லிப்ஸ்டிக்கோடயா?"

"கை தானாப் போயிடுதுப்பா. நீ வந்த மாதிரியே அவங்களும் வந்து தட்டுறாங்க. தூங்கிட்டிருந்தா தொலைஞ்சேன்."

"பாத்ததத்தான் எழுத முடியும் அக்கா. சும்மா எழுதிக் குடுத்தேன்னு போன மாசம் ஒருத்தருக்கு உதவியவே ரத்து பண்ணிட்டாங்க."

சில நாள் கழித்து அவனே போன் செய்தான். "மேலேருந்து பணம் வர்றது நின்னுபோச்சு. தெருவுக்கு வர்றவங்க மட்டும் நிக்கல. நாளையோட புது ஆளுங்களச் சேக்கறது முடியுது. விடியறதுக்குள்ள ஒரு தடவ வரேன். வெளிச்சத்துல நிறுத்துங்க, துண்டெல்லாம் எடுத்துடுங்க. புண்ணியமாப் போகும், தூங்குங்க."

"சொல்லிட்ட. என் கார் சீட்டுல நீ படுத்துத் தூங்கிக் காட்டேன், பாப்போம். சரி, உனக்கு முன்னாடி போலீஸ் வந்துட்டா?"

"அப்ப நான் லேட்டுன்னு அர்த்தம்" என்று ஓடெல் சிரித்தான். சிரித்தது அவன் மட்டும்தான்.

அவன் சுற்றும் வழியில் விளக்கு எரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: அவள் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங். அங்கே முதலில் வந்து கடை திறப்பவள் சூப்பர்வைசர் க்வெண்டா. அவள் பார்த்துவிட்டால் மத்தியானத்துக்குள் கடை முழுக்கத் தெரியும். இருந்தாலும் வெர்லீன் அங்கேயே நிறுத்தினாள். ஒவ்வொரு துண்டாக அவிழ்த்தாள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் கேக் போல, நாலு பக்கமும் தெரியக் கிடந்தாள்.

வானம் வெளுக்கத் தொடங்கும்போது உறைபனியில் யாரோ நடந்து வரும் சத்தம். டார்ச் வெளிச்சம் இமைகள் மேல் விழுந்தது. ஓடெலா, போலீஸா, க்வெண்டாவா? கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வலது கை லிப்ஸ்டிக்கைத் தேடி நகர்ந்தது. போர்வைக்குள்ளேயே இடது கை அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தியது. மறுபடி தட்டு. தூங்குகிறவள் போல மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள்.

"தூங்கறாங்க" என்றது ஓடெலின் குரல், போனில் யாரிடமோ. "ஆமா, நேர்லதான் பாக்கறேன். எழுதிக்கோங்க."

வெர்லீன் அன்று தூங்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.