வலது பக்கம் மட்டும் கறுத்த செல்கள்

1. பெரிய கண்டுபிடிப்பு

எங்கள் துறைத் தலைவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது, வல்லாரைக் கீரையின் கதை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போது நான் சீனியர் டெக்னீஷியன். எலியின் மூளையை எடுத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கருவியில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு ஆக்குவது என் வேலை. அந்த ஸ்லைடைப் பார்த்துப் பட்டம் வாங்குவது மற்றவர்கள் வேலை.

அந்த வருஷம் பட்டம் வாங்க வேண்டியவர், பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன பர்வீன். வல்லாரைச் சாறு குடித்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்கள் எப்படி இருக்கின்றன என்பது அவருடைய ஆய்வு. ஹிப்போகாம்பஸ் மூளைக்குள் சுருண்டு கிடக்கும் சின்னப் பகுதி. புது நினைவுகள் பதிவாக அது வேண்டும். வேலை நடப்பது ஏதோ ஒரு ஆபீஸ் மாதிரி. அதன் வாசல் பகுதியான டென்டேட் ஜைரஸில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் குட்டிச் செல்கள் தபாலை வாங்கி சிஏ-3 என்ற அடுத்த பகுதிக்கு அனுப்பும். சிஏ-3 அதை சிஏ-1க்குத் தள்ளும். சிஏ-1 வெளியே அனுப்பும். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் டீ குடிக்க எழுந்து போவதில்லை. சிஏ செல்கள் முக்கோண வடிவம். செய்தி வாங்க உச்சியில் நீளமாக ஒரு கிளையும் அடியில் சில கிளைகளும் உண்டு. அனுப்ப ஆக்ஸான் என்ற மெல்லிய இழை ஒன்று.

வல்லாரை எலிகளின் ஸ்லைடில் சிஏ-1 செல்கள் கறுத்துச் சுருங்கி, உச்சிக் கிளை முறுக்கிக்கொண்டு கிடந்தன. வெறும் தண்ணீர் குடித்த எலிகளின் செல்களோ மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தன. ஊரே ஞாபக சக்திக்குச் சாப்பிடும் கீரை மூளையைக் கெடுக்கிறது! தலைவர் கட்டுரை, கருத்தரங்கு, பத்திரிகைப் பேட்டி என்று அங்கேயே திட்டம் போட்டுவிட்டார். பேட்டிக்கு எந்தச் சட்டை என்பது மட்டும்தான் பாக்கி.

பர்வீனுக்கு முகம் தெளியவில்லை. ஸ்லைடு பெட்டியோடு என் மேஜைக்கு வந்தார்.

"பரீட்சை வந்தா எங்கூர் அம்மாங்க புள்ளைங்களுக்கு இதத்தான் சார் அரைச்சுக் குடுக்குறாங்க. எம் பேரப் போட்டு தப்பா ஒண்ணு வெளிய போயிடக் கூடாது. நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க."

2. கட்டைவிரல்

பார்த்தேன். கறுத்த செல்கள் எல்லா மூளையிலும் வலது பக்கத்தில் மட்டுமே இருந்தன. இடது பக்கம் சுத்தம். வல்லாரைக்கு வலது இடது தெரியாது. எனக்குத் தெரியும், நான் வலதுகைக்காரன்.

திசுவைக் கெட்டிப்படுத்தும் ஃபார்மலினை எலியின் இதயம் வழியாக ஏற்றியதும் மூளையை உடனே எடுக்கக் கூடாது. ஓர் இரவாவது மண்டையோட்டுக்குள்ளேயே ஊற வேண்டும். அதற்குள் அழுத்தினால் செல்கள் இப்படித்தான் கறுத்துச் சுருங்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுத்துச் சொல்லி வந்தவன் நான்தான்.

வல்லாரை எலிகளின் முறை வந்த நாளில் திருப்பாதிரிப்புலியூரில் என் மச்சான் மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் போய்த் தட்டு தூக்காவிட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சாயங்கால பாசஞ்சரைப் பிடிக்க, ஊறவிடாமல் வலது கட்டைவிரலால் வலது பக்கமாக அழுத்தி நெம்பி எல்லா மூளையையும் எடுத்துவிட்டேன். ரிஜிஸ்டரில் வழக்கம்போல 'ஓர் இரவு ஊறியது' என்று எழுதினேன். அடுத்த வாரம் தண்ணீர் எலிகளின் முறை. அப்போது எந்த விசேஷமும் இல்லாததால் அவை முறைப்படி ஊறின.

உடனே சொன்னேனா? அதுதான் இல்லை. ரிட்டயராக ஒரு வருஷம் இருந்தது. மாலை மரியாதையோடு போக ஆசை. இன்னும் பார்க்கிறேன் என்று மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் பர்வீன் ரிஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"உண்மையிலயே ராத்திரி முழுக்க ஊறுச்சா சார்?"

"இல்லம்மா. நான் ட்ரெயினுக்குப் போயிட்டேன்."

அவர் ரிஜிஸ்டரை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருவருமாகத் தலைவரிடம் போனோம். அறிவியலின் காவலர் கேட்ட ஒரே கேள்வி: "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? நான் நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே."

புது எலிகளோடு எல்லாம் முதலிலிருந்து நடந்தது. இம்முறை இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. தலைவருக்கு வல்லாரை மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது. பர்வீன் ஆறு மாதம் தாமதமாக ஆய்வேட்டைக் கொடுத்தார். அதற்குள் அவருக்குக் கிடைக்கவிருந்த லெக்சரர் வேலை வேறொருவருக்குப் போனது. அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. ஆபீஸில் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3. பிரிவு உபசாரம்

ரிட்டயர்மெண்ட் அன்று தலைவர் சால்வை போர்த்தி, என் கைராசியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். பர்வீன் ஒரு சின்ன டப்பா கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கறுத்த செல்லைப் பார்த்தால் மருந்தைச் சந்தேகப்படும் முன் கையைச் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, அது உங்கள் கை என்றால்.

டப்பாவில் இருந்தது அந்தக் கறுத்த செல் ஸ்லைடுகளில் ஒன்று. லேபிளில் 'வல்லாரை' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தார்.